அங்கூட்டா மேடம்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முகமல்ல, உச்சந்தலை. நேர்வகிடு, வகிட்டின் இரண்டு பக்கமும் சாயம் வெளுத்துத் தெரியும் நரை. எந்த நேரமும் குனிந்தே இருப்பார். எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும் பாதத்தைத்தான் பார்ப்பார். அவரிடம் சில வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ஒருநாள் பம்பாய் கிங்ஸ் சர்க்கிளில் எதிரே போய் நின்று வணக்கம் சொன்னேன். யாரென்று தெரியாமல் விழித்தார். நான் சங்கடப்பட்டுக்கொண்டு நகர்ந்து நாலு எட்டு வைத்ததும், "ஓ, நீயா, நில்லு" என்றார். எனக்கு இடது பாதம் தட்டை. செருப்பு சப்பென்று விழும். அவரைப் பொறுத்தவரை அந்தச் சப்தான் நான்.

மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்து, வெளிநாடு போய்ப் படித்துவிட்டு, திரும்பி வந்து ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார். எலும்பும், எலும்பைத் தசையோடு பிடித்துக் கட்டியிருக்கும் நாரும்தான் அவருடைய சங்கதி. வாழ்க்கை முழுக்கச் சுமந்தவர்கள், குத்துக்காலிட்டு உட்கார்ந்தே வேலை செய்தவர்கள், இவர்களுடைய எலும்பு எப்படி இருக்கிறது, நார் எப்படி இருக்கிறது, பெரிய ஸ்கேனுக்கெல்லாம் போகாமல் ஒரு மாடி அறையில் வைத்தே அதை எடை போட முடியுமா என்று பார்ப்பது. அதற்கு தாராவியைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஒரு ஊர்ச் சங்கத்தின் மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார். ஆள் சேர்த்துக் கொண்டுவரவும், அவர் தமிழை எங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களின் தமிழை அவருக்கும் சொல்லவும் என்னை வைத்துக்கொண்டார். அவரும் தமிழ், நாங்களும் தமிழ். ஆனாலும் நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

நான் அந்த வேலைக்குப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அண்ணனின் குதிகால். அப்பா போன பிறகு அண்ணன்தான் வீடு. விடியற்காலையில் இட்லி அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஒரு கையில் சட்னி வாளியும் இன்னொரு கையில் பாம் பாம் ஹாரனுமாகக் கிளம்பினால், மாட்டுங்கா முழுக்க நடந்து விற்றுவிட்டுத்தான் திரும்புவான். அந்த நடையில்தான் என் படிப்பு, அவன் பிள்ளைகள், எல்லாம். கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தான். "கால் நின்னுட்டா நம்ம கதி என்னட்டி" என்று ஒருமுறை என்னிடம் கேட்டான். பெரிய படிப்புப் படித்த ஒருத்தர் இனாமாகப் பார்க்கிறார் என்றதும் நான் ஓடிப்போய் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் நாளே சிரிப்பாகப் போயிற்று. மேடம் கல்லூரியில் யாரையோ பிடித்துக் கேள்விகளைத் தமிழில் எழுதி வாங்கியிருந்தார். "உங்கள் தசைநாணில் வலி உள்ளதா?" என்று நான் வாசித்தேன். தோல் கிடங்கில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருத்தர் காதைத் தீட்டிக்கொண்டு, "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். "தசை நாணுதாமா? எதுக்குத்தா நாணுது, அது என்ன சமைஞ்ச பிள்ளையா?" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அவர் பெரியவரின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களுக்கு அது நரம்பு. ரத்தம் ஓடுவதும் நரம்பு, உணர்ச்சி ஓடுவதும் நரம்பு, குதிகாலில் கயிறு மாதிரி விடைத்து நிற்பதும் நரம்பு. கையை அழுத்தி மாத்திரை எழுதித் தருகிற டாக்டரிலிருந்து எண்ணெய் போட்டு உருவுகிறவர் வரைக்கும் எல்லாரும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். இந்தியில் கேட்டாலும் எல்லாவற்றுக்கும் நஸ்தான். நான் இதை மேடத்திடம் வந்த புதிதிலேயே சொன்னேன். "அதெல்லாம் எனக்கு வேண்டாம்டி. வாயால சொல்றதை நான் எப்பவும் கணக்குல எடுத்துக்கறதில்லை. விரலை வெச்சா எனக்குத் தெரியும்" என்றார்.

அது உண்மை. அந்த விரலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வலது கைக் கட்டைவிரல். மற்ற விரல்கள் எல்லாம் வீணை வாசிக்கிறவர் விரல் மாதிரி மெலிந்திருக்கும், இது மட்டும் தனியாக உரமேறித் தட்டையாக இருக்கும். அதைக் கொண்டுபோய்க் குதிகாலுக்கு மேலே, முழங்கால் சிரட்டைக்குக் கீழே, தோள்பட்டை முனையில் என்று சரியாக எங்கே உயிர் போகுமோ அங்கே வைத்து அழுத்துவார். ஆள் துள்ளுவார். "வலிக்கறதா?" என்று கேட்பார். துள்ளினதைப் பார்த்தாலே தெரியாதா? அதற்கப்புறமும் இன்னும் கொஞ்சம் அழுத்தி, "இப்போ?" என்பார். கூலி வேலைக்குப் போகிற ஆம்பிளைகள், கத்தி பட்டால்கூடத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறவர்கள், அந்த விரலுக்கு முன்னால் அம்மாவைக் கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வந்து ஒரு வாரத்திலேயே எங்கள் வரிசைக் குடியிருப்பான சாலில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அங்கூட்டா மேடம், அதாவது கட்டைவிரல் மேடம். எங்கள் பக்கம் கையெழுத்துப் போடத் தெரியாதவனை அங்கூட்டா சாப், கைநாட்டு, என்று கேலி பண்ணுவார்கள். அத்தனை பட்டம் வாங்கினவருக்கும் அதே விரலில் பெயர் அமைந்ததில் எல்லாருக்கும் ஒரு திருப்தி.

ஆனால் அவரை யாரும் வெறுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவர் கால்களைத் தொடுவார். சாக்கடையில் மிதித்து வந்த கால், தோல் சாயம் ஏறின கால், பித்தவெடிப்பில் மண் அப்பின கால், எதுவானாலும் ஈரத்துண்டால் தானே துடைத்து, எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். கையுறை போட மாட்டார். மாட்டுங்கா ஐயர் வீட்டுப் பெண்மணி தங்கள் காலை மடியில் வைத்துத் துடைக்கிறாள் என்றதும் எங்கள் ஆட்கள் காலை இழுத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். "அம்மா, வேண்டாம், பாவம் சேரும்" என்று கையெடுத்துக் கும்பிட்ட கிழவிகள் உண்டு. நானும் ஆரம்பத்தில் உருகித்தான் போனேன். எனக்கு விஷயம் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. அவருக்கு அருவருப்பு இல்லாததற்குக் காரணம் அன்பு இல்லை. அந்தக் காலுக்கு மேலே ஒரு ஆள் இருப்பதை அவர் மறந்துவிடுவார், அவ்வளவுதான்.

பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, பசை தடவி, எலும்பின் கெட்டியைப் பார்க்கிற கருவி ஒன்று இருந்தது. அதில் அவள் காலை வைத்ததும் திரையில் சிவப்பு வந்தது. மேடம் நிமிராமல், "இருபத்தஞ்சு வயசுகூட ஆகலை. இது கிழவி எலும்பு" என்றார். அம்மாக்காரி புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ பூசி மெழுகப் போனேன். அதற்குள் மேடமே, "குழந்தை பெத்துண்டா இன்னும் கரையும்" என்று முடித்தார். அவர் எதையும் மெல்லச் சொல்லிப் பழகாதவர். வரிசையில் மூன்றாவதாக மாப்பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணம் நின்றுபோயிற்று. அந்த அம்மா வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். மேடம் கேட்டார்: "நான் சொன்னதுல என்ன தப்பு?" பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பெட்டி வெறும் உத்தேசம்தான். இடுப்புலயும் முதுகுலயும் பெரிய ஸ்கேன் எடுத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்" என்றார்.

"அத அன்னைக்கே அந்த அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்."

"யாரும் கேக்கலையே."

அவரே அந்தப் பெண்ணைச் செம்பூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஸ்கேன் எடுக்க வைத்தார். எலும்பில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். மேடத்துக்கு அன்று முழுக்க ஏக சந்தோஷம். சின்னக் கருவியும் பெரிய ஸ்கேனும் இப்படி முரண்படுவதுதான் அவர் தேடிக்கொண்டிருந்தது. ஏதோ மாநாட்டில் அதைப் பற்றியே பேசிவிட்டு வந்தார். எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி வந்து தந்தார். தின்னும்போது நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

அண்ணனை நான் உடனே அங்கே கூட்டிப்போகவில்லை. மேடத்தின் விரலைப் பார்த்த பிறகு எனக்குத் தயக்கமாக இருந்தது. அவனும் வருவதாக இல்லை. மார்க்கெட் பக்கம் ஒரு டாக்டர் குதிகாலில் ஊசி போட்டுவிட்டார், வலி போன இடம் தெரியவில்லை என்று குதித்துக்கொண்டு வந்தான். வலி திரும்ப வந்ததும் இன்னொரு தடவை போட்டுக்கொண்டான். அப்புறம் இன்னொரு தடவை. "நரம்பு ஊசி ஏட்டி. பக்கா. சுவிச்ச அமத்துனாப்புல நின்னுட்டு" என்றான். மைனிக்கு, அதாவது அண்ணன் பெண்டாட்டிக்கு, அதில் நம்பிக்கை இல்லை. "தங்கச்சி, நீ வேல பாக்குற எடத்துல ஒருக்கா காட்டிட்டா நிம்மதியா இருக்கும்" என்று என்னை அரித்துக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டுத்தான் கூட்டிப்போனேன். வியாபாரம் முடிந்து, காலி அண்டாவை மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு மேலே வந்தான்.

மேடம் அவன் காலை மடியில் எடுத்து வைத்ததும் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். அண்ணனை அல்ல, என்னை. "இவ்வளவு நாள் இதை எங்கே வெச்சிருந்தே?" என்றார். குதிகாலுக்கு மேலே விரலை ஓடவிட்டார். பிறகு ஸ்கேன் முனையை வைத்துத் தேய்த்தார். திரையில் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஏதோ தெரிந்தது. "தடிச்சுப் போயிருக்கு. நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கு பாரு. இப்படி ஒண்ணு வெச்சிண்டு நடக்கறவா வலியில துடிக்கணும். வலிக்கறதா?"

"இல்ல மேடம்" என்றான் அண்ணன்.

விரலை வைத்து அழுத்தினார். அவன் துள்ளவில்லை. "இப்போ?"

"இல்ல."

"மாத்திரை, ஊசி ஏதாவது?"

"நரம்பு ஊசி போட்டேன். மூணு தடவ."

மேடம் என்னிடம், "பி டுவெல்வ் விட்டமின்னு எழுதிக்கோ" என்றார். "இவாளுக்கெல்லாம் தலைவலிக்கும் நரம்பு ஊசி, தூக்கம் வரலைன்னாலும் நரம்பு ஊசி."

"மேடம், அது அப்படி இல்ல. குதிகாலுல போட்டது. நாங்க நரம்புன்னு சொல்லுறது…" என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாதே. நாழியாறது" என்றார்.

இதை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்வதை நம்பவே மாட்டேன் என்று இருந்தவர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எப்படி அப்படியே வாங்கிக்கொண்டார்? விரலை நம்பியிருந்தாலே போதும். வலிக்க வேண்டிய கால் வலிக்கவில்லை என்றால் ஏன் என்று நின்று யோசித்திருப்பார். ஆனால் இந்தச் சனங்கள் சொல்கிற நரம்பு ஊசி என்னவென்று தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துவிட்டார். தெரியும் என்ற நினைப்புக்குக் கீழே இளக்காரம் இருந்தது. எனக்கு ஆறாததும் அதுதான்.

அடுத்தது ஏறி இறங்குகிற சோதனை. சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எழும்பி இறங்க வேண்டும். முடிகிற வரைக்கும். முடியவில்லை என்று ஆள் சொன்னால் அது முடிவு ஆகாது. கால் சொல்ல வேண்டும் என்பார் மேடம். எல்லாரிடமும், "இன்னொண்ணு" என்பார். ஆள் தள்ளாடுவார். "இன்னொண்ணு." பெண்கள் சிலர் அழுதிருக்கிறார்கள். அப்போதும் கண்ணைப் பார்க்காமல் குதிகாலைப் பார்த்துக்கொண்டு, "இன்னொண்ணு முடியும்" என்பார். பெரும்பாலும் முடியும் என்பதுதான் கொடுமை.

அண்ணனுக்குக் கால் பலம் அதிகம். ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான். மேடத்தின் இரண்டு மாணவிகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணன், "போதும் மேடம்" என்றான்.

"வலிக்கறதா?"

"வலிக்கல. ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா என்ன? வலிக்கலைன்னா ஏறலாம். இன்னொண்ணு."

அவன் என்னைப் பார்த்தான். தங்கச்சி வேலை பார்க்கிற இடம், நாலு பேர் பார்க்கிறார்கள், சடைத்துக்கொண்டு இறங்கினால் எனக்குக் குறைச்சல் என்று நினைத்திருப்பான். எழும்பினான். சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியின் கால்தான் உடைந்தது என்று நினைத்தேன். அண்ணன் கீழே விழவில்லை. சுவரைப் பிடித்தபடி வெடுக்கென்று பின்னால் திரும்பிப் பார்த்து, "எவம்ல மிதிச்சது?" என்றான். பின்னால் யாரும் இல்லை. குதிகாலில் யாரோ ஓங்கி மிதித்ததுபோல் இருந்ததாம். அந்த நார் அறுந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பார்களாம். மேடம்தான் எனக்கு விளக்கினார், பிறகு.

அப்போது அவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அவனைப் பாயில் குப்புறப் படுக்க வைத்து ஆடுசதையைப் பிடித்து அமுக்கினார். நல்ல கால் என்றால் அப்படி அமுக்கும்போது பாதம் தானாக நீளும். அவன் பாதம் சும்மா தொங்கியது. "முழுசா அறுந்துடுத்து" என்றார். குரலில் பதற்றம் இல்லை. எனக்குக் கேட்டது வேறொன்று. அதை என்னவென்று சொல்ல? நல்ல மாம்பழம் கிடைத்தவர் குரல். மாணவிகளைப் பார்த்து, "இதர் ஆவோ, தோனோ. ஐசா பிர் நஹி மிலேகா" என்றார், ரெண்டு பேரும் வாங்க, இப்படி ஒன்று திரும்பக் கிடைக்காது என்று. அவர்கள் ஒவ்வொருத்தியாக மண்டியிட்டு அண்ணனின் ஆடுசதையை அமுக்கிப் பார்த்தார்கள். நல்ல காலை ஒருமுறை, அறுந்த காலை ஒருமுறை. அண்ணன் பாயில் முகத்தை வைத்தபடி, "என்னட்டி, எல்லாரும் மாறி மாறி அமுக்குதாவ? நாளைக்கு அண்டா தூக்கலாமான்னு கேளு" என்றான்.

நான் கேட்டேன். "அண்டாவா? கக்கூஸுக்குத் தூக்கிண்டு போக ஆள் ஏற்பாடு பண்ணு" என்றார்.

நியாயமாகச் சொன்னால், அதற்கப்புறம் அவர் ஓடினார். டாக்ஸி பிடித்து, அண்ணன் காலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே இளம் டாக்டர்களை அதட்டி, அன்றைக்கே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார். அவர் இல்லையென்றால் நாங்கள் வராந்தாவில் நாள்கணக்கில் கிடந்திருப்போம். ஆபரேஷன் நடக்கும்போது நான் அந்த ஊசி விஷயத்தைச் சொல்லித் தீர்த்தேன். குதிகால் நாரிலேயே போட்ட ஊசி அது என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். வலியை அமுக்கிவிட்டு நாரையும் இளக்கிவிடும் மருந்தாம். பிறகு, "அவர் நரம்புன்னுதானே சொன்னார்" என்றார்.

"வாயால சொல்லுறத நம்ப மாட்டேன்னு சொல்லுவீங்களே மேடம்."

 என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றோடு வேலையை உதறிவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உதறவில்லை. வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அண்ணனின் அண்டாவை மைனி தலையில் ஏற்றிக்கொண்டாள். அவள் அதற்கு முன்னால் கிங்ஸ் சர்க்கிளுக்குத் தனியாகப் போனதே இல்லை. ஹாரனை அமுக்கக் கூச்சப்பட்டு முதல் நாள் பாதி இட்லியைத் திரும்பக் கொண்டு வந்தாள். பிறகு பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்ய?

அண்ணனுக்குக் கட்டுப் பிரித்து, கால் பயிற்சியும் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் அவன் அந்தக் காலை ஊன்றவே இல்லை. ஊன்றினால் யாரோ பின்னாலிருந்து மிதிக்க வருவதுபோல் இருக்கிறது என்பான். கோலிக்குள், எங்கள் ஒற்றை அறைக்குள், நடக்கும்போதுகூட முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகருவான். நடுவில் திரும்பிப் பார்ப்பான். பிள்ளைகள் சிரிக்கும். அரிசி ஊறப் போடுவது, கிரைண்டரைப் பார்ப்பது, அதற்குமேல் எழுந்திருக்க மாட்டான். "அறுந்து தைச்ச கால வச்சிட்டு எங்கன போவச் சொல்லுதிய?" என்பான். மைனி அண்டாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் கழுத்து நாளாக ஆக உள்ளே இறங்கிக்கொண்டே வந்தது. இரவில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் படுப்பாள். ஆனாலும் அவன் மேல் ஒரு சொல் வராது. "பாவம், அறுந்த கால்லா" என்பாள்.

மேடத்துக்கு அந்தக் காலை மறக்க முடியவில்லை. தைத்த நார் பிற்பாடு எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும். "ஒரே ஒரு தடவை காட்டச் சொல்லேன்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆராய்ச்சி முடிந்து, நான் கல்யாணமாகி சான்பாடாவுக்குப் போன பிறகும் தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று போன் பண்ணுவார். எனக்கு எப்படி இருக்கிறது, குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. "கால் எப்படி இருக்கு?" அண்ணனிடம் சொன்னால் அவனுக்கு முகமெல்லாம் மாறிவிடும். "அந்தப் பொம்பள என் காலத் தொடப்பிடாது. நான் செத்தாத்தான் தொடணும்" என்பான்.

போன வருஷம் மழைக்காலத்தில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டான். கிரைண்டர் பக்கத்திலேயே சரிந்து கிடந்தானாம். நான் சான்பாடாவிலிருந்து போய்ச் சேர்வதற்குள் குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, சாலின் வாசலில் கிடத்தியிருந்தார்கள். மைனி காலடியில் உட்கார்ந்து, அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "ஒரு நா ஒரு பொழுது ஒன்னக் கடிஞ்சி பேசலியே, எய்யா, அறுந்த காலோட அல்லாடுனியே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவ்வளவு வருஷம் அண்டா சுமந்ததை அவள் சொல்லவில்லை. அவன் கால்தான் அவளுக்குத் துக்கம்.

அப்போதுதான் மேடம் வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. எப்போதும்போலத் தலை குனிந்தபடி, சந்தில் தேங்கின தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்தார். பழைய ஆட்கள் சிலர் "அங்கூட்டா மேடம்" என்று முணுமுணுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். மாலை வாங்கி வந்திருந்தார். அதை முகத்தருகே போகாமல் வயிற்றின் மேலேயே வைத்தார். பிறகு அண்ணனின் காலடியில் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினார்.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. அவ்வளவு படித்தவர், அந்தச் சாதிக்காரர், ஒரு இட்லிக்காரனின் காலில் விழுகிறார். வயசாளிகள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மைனி பதறிப்போய், "ஐயோ, வேண்டாம் மேடம், நீங்க ஏன் அவுக காலப் பிடிக்கிய, எல்லாம் எங்க தலையெழுத்து" என்று அவர் தோளைப் பிடித்து எழுப்பப் போனாள். சாமியாரின் கால்போல அந்தக் கால் கிடந்தது. எனக்கும் ஒரு வினாடி, கடவுளே, ஒரே ஒரு வினாடி, நெஞ்சு இளகிவிட்டது.

நான் குனிந்து பார்த்தேன். அவர் வேட்டியின் ஓரத்தைத் தூக்கி, குதிகாலை லேசாகத் திருப்பி, தழும்பின் மேலும் கீழுமாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மாடி அறையில் பேசின அதே குரலில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "நன்னா ஒட்டிண்டிருக்கே. கயிறு மாதிரி இருக்கு. இவர் தாராளமா நடந்திருக்கலாம். பயந்துண்டு உக்காந்துட்டார்."

செத்த காலை அழுத்தி அப்படியெல்லாம் சொல்ல முடியுமா என்று பிறகு ஒரு எலும்பு டாக்டரைக் கேட்டேன். ஒட்டியிருக்கிறது என்று சொல்லலாம், நடந்திருப்பார் என்று எப்படிச் சொல்வது, ஆள் ஏறி இறங்கிக் காட்டினால்தானே தெரியும் என்றார். அதை மைனியிடமும் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு மேடம் சேலையைத் தட்டிக்கொண்டு போன பிறகு மைனி கொஞ்ச நேரம் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பாதத்தின் மேல் இருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போதும் அழவில்லை.